துவக்குக்கும் சனி முழுக்கு

மான் வந்து நின்றது. ரெஜான் விசையை இழுத்தான். ‘டிக்’ என்றொரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

காலை ஏழரை மணி இருக்கும். நவம்பர் மாதத்துக் குளிர். மொன்றியலிலிருந்து வடக்கே மூன்று மணித்தியாலம் வாகனத்தில் போய், பிறகு கால் மணித்தியாலம் காட்டுக்குள் நடந்து, ஏணி ஏறி, மரக்கால்களில் நிற்கும் ஒரு பலகைக் குடிலுக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் செம்மஞ்சள் மேலங்கி. விமான நிலையத்திலும் எங்களுக்கு அதே நிறம்தான் என்பதால் எனக்கு வேலைக்கு வந்த மாதிரியே இருந்தது.

கிளைவிட்ட கொம்புள்ள ஆண் மான். கூப்பிடு தூரத்தில் நின்றது. முதல் நாள் நாங்கள் கொட்டிவைத்த கரட்டில் ஒன்று அதன் வாயில் இருந்தது. ‘டிக்’ கேட்டதும் தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்த்தது. கரட்டை மென்று முடித்தது. இன்னொன்றைக் கவ்விக்கொண்டு, அவசரம் எதுவும் இல்லாமல் மரங்களுக்குள் போனது.

வெடிக்காமல் போன துவக்கை உடனே திறக்கக் கூடாது. தோட்டா தாமதித்து வெடிக்கலாம். குழலை வெளியே நீட்டியபடியே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ரெஜான் பிரெஞ்சில் எண்ணினான். நான் எனக்குள் தமிழில் எண்ணினேன். முப்பதுக்கு வருவதற்கு முன்பே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அது அவனுடைய கடைசி வேட்டைக் காலம். நெஞ்சில் தொடங்கிய நோய் ஈரலுக்கும் போய்விட்டது என்று கோடையில் சொல்லியிருந்தார்கள். அடுத்த நவம்பரைப் பற்றி அவனோடு யாரும் பேசுவதில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இறந்துபோன தன் அப்பாவின் துவக்கால் இன்னும் ஒரு மான்.

அந்தத் துவக்கைப் பத்து மாதமாகப் பராமரித்தவன் நான்.

அப்பா வரலாம், துவக்கு வரக்கூடாது

இந்தத் தொடரை வாசிக்கும் தமிழ்நாட்டு அன்பர் ஒருவர், நான் எழுதும் சொற்களில் பாதி விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். அவருக்காகச் சொல்கிறேன்: துவக்கு என்றால் துப்பாக்கி. மற்றவை போகப் போக விளங்கும்.

ரெஜானும் நானும் மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பொதி ஏற்றி இறக்குகிறவர்கள். பொதிகளை இழுத்துச் செல்லும் சின்ன வண்டி ஒன்றில் பதினைந்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் ஓட்டுவான். நான் பொதி விழுகிறதா என்று பார்ப்பேன். என் பெயர் சிவநேசன். அவனுக்கு அதில் கடைசிப் பாதிதான் வாயில் நுழைந்தது. நேசான் என்று கூப்பிடுவான்.

நாங்கள் பேசியது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மீதி கையும் காலும். இங்கே அதைத் தமிழில் எழுதும்போது அவன் யாழ்ப்பாணத்தான் மாதிரிக் கதைப்பான். எனக்கு அப்படித்தான் கேட்டது.

நோய் வந்த குளிர்காலத்தில் ரெஜான் தன் வாடகை வீட்டைக் கொடுத்துவிட்டு இல்-பிசாரில் இருக்கும் மகள் மெலானி வீட்டுக்குப் போனான். அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள். மெலானி தெளிவாகச் சொல்லிவிட்டாள். அப்பா வரலாம், துவக்கு வரக்கூடாது.

அவன் துவக்கோடு ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். என்னிடம் பேஸ்மென்ட் இருந்தது. பூட்டுப் போட்ட அலுமாரி இருந்தது. துவக்கு வைத்திருப்பதற்கான அரசாங்க அட்டையும் இருந்தது. என்னிடம் இல்லாதது மனைவியின் சம்மதம் ஒன்றுதான்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் வசந்தி, குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு. “நாங்கள் இதுக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்? இப்ப அது கார் பிடிச்சு வீட்டுக்கே வந்து நிக்குது.”

“அவன்ர தேப்பன்ர துவக்கு. வைக்க இடமில்லையாம்.”

“சாமியறைக்கு நேர கீழ வைக்கக் கூடாது.”

“வைக்கமாட்டன்.”

“தோட்டா?”

“அது வேற பெட்டி. வேற பூட்டு.”

வாசலில் நின்ற ரெஜானை எட்டிப் பார்த்தாள். தொப்பிக்குள் தலைமயிர் இல்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. “ஆளை உள்ள வரச் சொல்லுங்கோ. தேத்தண்ணி போடுறன்,” என்றாள்.

துவக்கின் முன்பக்கம்

துவக்கே சுடாத எனக்கு அந்த அட்டை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வசந்தியும் கேட்டாள்.

ரெஜான் ஒவ்வொரு நவம்பரிலும் மூன்று பேரோடு மான் வேட்டைக்குப் போவான். ஒருமுறை என்னையும் வரச் சொன்னான். நான் போய்ச் சமைத்தேன். அவர்கள் மான் இறைச்சியைக் கண்டபடி அவித்து, உப்பும் மிளகும் போட்டு, கடமைக்குச் சாப்பிடுகிறவர்கள். நான் வறுத்த தூளும் பெருஞ்சீரகமும் போட்டுப் பிரட்டிக் கொடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து என்னைக் கேட்காமலே என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி ஆறு வருடம். வாகனத்திலிருந்து துவக்குகளை இறக்கிக் கொடுக்கவாவது அட்டை இருந்தால் வசதி என்று ரெஜான் சொன்னதால் வகுப்புக்குப் போனேன்.

வகுப்பில் இருபது பேர். படிப்பிக்கிறவர் முதல் கேள்வியாக, யார் யாருக்குத் துவக்கோடு பழக்கம் இருக்கிறது என்று கேட்டார். எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எனக்கு இருந்த பழக்கம் முழுவதும் முன்பக்கத்தோடு என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஊரில் இருந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் என்னை இறக்கிச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தோளில் துவக்குவார் இழுத்த தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். முழங்கையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிப்பாய், வெடிமருந்து மணக்கிறதா என்று என் விரல்களைப் பிடித்து மணந்து பார்த்தான். அன்று சனிக்கிழமை. தலைக்கு எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வந்திருந்தேன். விரலில் தேங்காய் எண்ணெய்தான் மணத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு போகச் சொன்னான்.

அதற்குப் பிறகு தேங்காய் எண்ணெயில் எனக்குக் கொஞ்சம் அதிகமான நம்பிக்கை. வசந்தியிடம் இதைச் சொன்னால், உங்களுக்கு அதற்கு முன்பும் அப்படித்தான் என்பாள்.

வகுப்பில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினேன். செய்முறைப் பரீட்சையில் துவக்கைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. படிப்பிக்கிறவர் அதைக் கவனம் என்று எடுத்துக்கொண்டு கூடப் புள்ளி போட்டார்.

பொதிச் சீட்டில் நாலு வரி

துவக்கை ஒப்படைத்த அன்று ரெஜான் ஒரு சின்னப் பெட்டியும் தந்தான். உள்ளே குழலுக்குள் விடும் நீளக் கம்பி, தூரிகை, வெட்டிய துணித்துண்டுகள், அழுக்குக் கரைக்கும் திரவம் ஒரு போத்தல், துவக்கு எண்ணெய் ஒரு சின்னப் போத்தல்.

“எத்தனை நாளைக்கு ஒருக்காத் துடைக்க வேணும்?” என்று கேட்டேன்.

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப்பையில் தடவினான். பயணப்பொதியில் ஒட்டும் நீளச் சீட்டு ஒன்று கிடைத்தது. எங்கள் வேலைக்காரர் எல்லாரும் எழுதுவது அதில்தான். பின்பக்கத்தில் நாலு வரி எழுதினான்.

சுட்டால், அன்றைக்கே துடை.

நனைந்தால், அன்றைக்கே துடை.

சும்மா இருந்தால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார். மெல்லிசாகத் துடை.

வேட்டைக்கு முன் எண்ணெயை ஒற்றி எடு. குளிரில் துவக்கு காய்ந்திருக்க வேண்டும்.

“விளங்குதோ?” என்றான்.

“இரண்டு மூண்டு மாசம் கனநாள் அல்லோ?”

“துவக்கு ஒண்டும் குழந்தைப்பிள்ளை இல்லை, நேசான். ஒரு நாளைக்கு மூண்டு தரம் பாக்கத் தேவையில்லை.”

சீட்டை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நாலு வரியையும் அன்றைக்கே வாசித்தேன்.

மணம்

முதல் முறை துடைத்தபோது அழுக்குக் கரைக்கும் திரவத்தைத் திறந்தேன். மண்ணெண்ணெயும் ஆஸ்பத்திரியும் சேர்ந்த ஒரு மணம் படியேறிக் குசினிக்குப் போனது. வசந்திக்கு ஒற்றைத் தலையிடி இருக்கிறது. படியின் மேலே வந்து நின்று, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சொன்னாள்.

“இந்த வீட்டில ஒண்டில் அந்தப் போத்தல், இல்லாட்டி நான்.”

கொஞ்சம் யோசித்தேன். யோசித்ததை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டு போத்தலையும் ஒரே பையில் கட்டி, வெளியே தோட்டத்துக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டும் ஒரு சாதி என்று நினைத்தேன். துவக்கு எண்ணெய்க்கு மணமே இல்லை என்பது, திறந்து பார்க்காததால், தெரியாமல் போயிற்று.

“அப்ப துவக்குக்கு என்னத்தைப் பூசுறது?”

வசந்தி குசினிக்குள் போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். “தையல் மிசினுக்கு அம்மா இதைத்தான் விட்டவா. நாப்பது வருசம் ஓடினது,” என்றாள். அவளுடைய அம்மாவின் தையல் மிசின் நின்ற இடத்தில் வெயில் முப்பது பாகைக்குக் குறைந்ததில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஆம்பிளைகளுக்குச் சனிக்கிழமை முழுக்கு. தலைக்கு எண்ணெய் வைத்து, ஊறவிட்டு, முழுகுவது. கனடாவிலும் நான் அதை விட்டதில்லை. வேலையில் சனிக்கிழமை லீவு கேட்பதற்கு நான் எழுதிக் கொடுத்த காரணம் சமயம். அது முழுப் பொய்யும் இல்லை.

சனிக்கிழமை காலையில் எண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுக்கும்போது துவக்கின் நினைவு வரும். ஒரு சிநேகிதனின் அப்பாவுடைய பொருள். என்னை நம்பித் தந்தது. என் தலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு போக மனம் வரவில்லை. கீழே போய் அதற்கும் பூசுவேன்.

குழலுக்கு வெளியே பூசினேன். உள்ளே பூசினேன். மரப்பிடிக்கும் பூசினேன். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற உருக்குத் தண்டு ஒன்று இருக்கிறது. அதைப் போல்ட் என்பார்கள். அதற்குள் ஒரு சுருள்வில்லும் ஊசியும் இருக்கும். விசையை இழுத்தால் அந்த ஊசி பாய்ந்து தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும், தோட்டா வெடிக்கும். அந்தப் போல்டின் துவாரத்தில், காதுக்குள் விடுவது போல, கிழமைக்கு நாலு சொட்டு விட்டேன். நாற்பது சனிக்கிழமை.

இதில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மொன்றியலில் எந்தத் தமிழ் வீட்டிலும் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் ஓடாது. வெள்ளைக் கட்டியாய்ப் போத்தலுக்குள் நிற்கும். தலைக்கு வைப்பதற்கு முன்பு போத்தலைச் சுடுதண்ணீருக்குள் இறக்கி உருக்க வேண்டும். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அப்படி உருக்கித்தான் துவக்குக்கும் பூசினேன். அந்தத் துவக்கு எங்கே போகப்போகிறது, அங்கே எவ்வளவு குளிர் என்று ஒருமுறைகூட எண்ணவில்லை.

இவ்வளவு துப்புரவான துவக்கு

செப்டெம்பரில் ஒரு நல்ல வெயில் நாள். ரெஜானுக்கு உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சுடுபயிற்சி செய்யும் இடத்துக்குப் போனோம். மூன்று வெடி வைத்தான். மூன்றும் அட்டையின் நடுவில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாய்ப் பட்டன.

துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மரப்பிடி மினுங்கியது.

“அப்பா இருக்கேக்கையும் இது இவ்வளவு துப்புரவா இருக்கேல்லை, நேசான்.”

“சும்மா. அப்பப்பத் துடைக்கிறன்.”

“நீ நல்லாப் பாக்கிறாய். எனக்கு இப்ப யோசினை இல்லை.”

வீட்டுக்கு வந்து அதை வசந்தியிடம் இரண்டு முறை சொன்னேன். அன்று பின்னேரமே துவக்கைத் துடைத்தேன். சுட்டால் அன்றைக்கே துடை என்று முதல் வரியில் இருக்கிறதே. சனிக்கிழமை வந்ததும் மறுபடி பூசினேன்.

நவம்பரில் புறப்படுவதற்கு முதல் நாள் நாலாவது வரியின்படி எண்ணெயை ஒற்றி எடுத்தேன். குழலுக்குள் உலர்ந்த துணியை விட்டு இழுத்தேன். வெளிப்பக்கத்தையும் துடைத்தேன். போல்டுக்குள் பத்து மாதத்து எண்ணெய் இருந்ததை நான் நினைக்கவே இல்லை.

ஒரு நிமிடத்துக்குப் பிறகு

ரெஜான் எண்ணி முடித்துத் துவக்கைத் திறந்தான். தோட்டா அவன் உள்ளங்கையில் விழுந்தது. பின்பக்கத்தைப் பார்த்தான். ஊசி குத்தியிருந்தது. ஆனால் சின்னப் புள்ளி. நுளம்பு கடித்த அளவு.

போல்டைக் கழற்றினான். துவாரத்தைச் சுற்றி வெள்ளையாய் ஏதோ திரண்டிருந்தது. விரலால் தொட்டான். விரலை மூக்குக்குக் கொண்டுபோனான். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன்.

“குளிர்,” என்றேன்.

“ஓம்,” என்றான். “குளிர்தான்.”

போல்டைத் துடைத்து என்னிடம் நீட்டினான். “உன்ர கமக்கட்டுக்குள்ள வை. எனக்கு இப்ப உடம்பில சூடு இல்லை.”

மேலங்கி, கம்பளிச்சட்டை, உட்சட்டை எல்லாவற்றையும் விலக்கி, அந்த உருக்குத் தண்டை அக்குளில் வைத்தேன். பனிக்கட்டியை வைத்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என் உடம்புச் சூட்டுக்கு எண்ணெய் மெல்ல இளகி விலாவில் வழிந்தது. குடிலுக்குள் சனிக்கிழமை மணம் மணத்தது. ரெஜான் ஜன்னல் ஓட்டையால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கொண்டுபோன இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்தான்.

அரை மணித்தியாலத்தில் துவக்கு வேலை செய்யத் தயாராகிவிட்டது. மான் வரவில்லை. பத்து மணிக்கு வரவில்லை. மத்தியானம் வரைக்கும் வரவில்லை. அதற்கு மேல் அவனால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஏணியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அவன் காலை நான் கையால் பிடித்து வைத்தேன். வேட்டைக் காலம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவன் மறுபடி அந்த ஏணியில் ஏறவில்லை.

கிண்டத் தேவையில்லாத கறி

நாங்கள் தங்கியிருந்த வீட்டில் அன்று பின்னேரம் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இவோன் என்று ஒருவன். ரெஜானின் முன்னாள் மனைவியின் தம்பி. கலியாணம் முறிந்தும் வேட்டையை முறிக்காதவன். குரல் பெரிது, உடம்பு அதைவிடப் பெரிது. மற்ற இரண்டு பேரும் அவன் சிரித்தால் சிரிக்கிறவர்கள்.

“என்ன நடந்தது? வெடிச் சத்தம் கேக்கேல்லையே,” என்றான் இவோன்.

நான் அடுப்படியில் நின்றேன். மான் இல்லாததால் மொன்றியலிலிருந்து கொண்டுபோன கோழியைச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

ரெஜான் சொன்னான். “பிழை என்னில. நேசான் வீட்ட போன நேரம் ஒரு எண்ணெய்ப் போத்தல் கண்டனான். அதை எடுத்துப் பூசிப்போட்டன். தேங்காய் எண்ணெய்.”

இவோன் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான்.

“நாப்பது வருசம் வேட்டை ஆடினவன்! தேப்பன்ர துவக்குக்குச் சமையல் எண்ணெய்! பொரிச்சுச் சாப்பிடவோ பாத்தனீ?”

மற்ற இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். ரெஜானும் சிரித்தான். சிரித்தபடியே இருமினான்.

நான் கறியைக் கிண்டினேன். அந்தக் கறிக்கு அப்போது கிண்டத் தேவையில்லை. அந்த மேசையில் எனக்கென்று ஒரு கதிரை கிடைக்க ஆறு வருடம் எடுத்தது. அதை இழக்க எனக்குப் பயமாக இருந்தது. இதைவிட நல்ல காரணம் ஒன்றை நான் பிறகு பலமுறை தேடியும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தாள் தான் செய்ததெண்டு சொல்லேக்க நீங்கள் பேசாம நிண்டனீங்களோ?”

“ஓம்.”

“போத்தலை எடுத்துத் தந்தது நான். ‘மனிசிதான் தந்தவள்’ எண்டாவது சொல்லியிருக்கலாமே.”

“அது இன்னும் வெக்கம்.”

“சாகப்போற மனிசன்ர தலையில கட்டினது வெக்கம் இல்லையோ?” கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “போய்ச் சொல்லுங்கோ.”

போகிறேன் என்றேன். நத்தார் வந்தது. பொங்கல் வந்தது. ஒவ்வொரு கிழமையும் ரெஜானைப் பார்க்கப் போனேன். ஹாக்கியைப் பற்றிப் பேசினோம். எனக்கு ஹாக்கி தெரியாது. போய்விட்டு வந்தால் வசந்தி ஒன்றும் கேட்கமாட்டாள். சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

எதால துடைக்கிறாய்?

பெப்ரவரியில் அவனை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி போய்வந்துகொண்டிருந்தது. மெலானி கோப்பி வாங்கக் கீழே போயிருந்தாள். அவனும் நானும் மட்டும்.

“துவக்குத் துடைக்கிறியோ?” என்றான். குரல் கடதாசி மாதிரி இருந்தது.

“துடைக்கிறன்.”

“எத்தனை நாளைக்கு ஒருக்கா?”

“சனிக்கிழமை சனிக்கிழமை.”

“சுடாத துவக்கை?”

“ஓம்.”

கண்ணை மூடினான். நித்திரையாகிவிட்டான் என்று நினைத்தேன்.

“எதால?” என்றான்.

கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். “இப்ப வெறுந்துணியால. ரெஜான், நான் ஒண்டு சொல்ல வேணும். அந்த எண்ணெய் நான்தான். பத்து மாசமா நான்தான் பூசினனான். உன்ர மானைக் கெடுத்தது நான். எனக்கு அண்டைக்கே தெரியும். சொல்லப் பயந்துபோனன்.”

“தெரியும்,” என்றான்.

“என்ன தெரியும்?”

“பதினைஞ்சு வருசம் வண்டியில உன்ர தலைக்குப் பக்கத்தில இருந்தவன் நான். போல்டை மணந்த உடனே நீ எண்டு தெரியும்.”

எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரிப் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் காத்திருந்தான்.

“பேந்து ஏன் நீ செய்ததெண்டு அவங்களுக்குச் சொன்னனீ?”

மூச்சு எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“உன்னையெண்டா இவோன் வருசா வருசம் சிரிப்பான். என்னையெண்டா இந்த வருசம் மட்டும்தானே.”

கணக்குப் பார்த்துச் சொன்ன மாதிரித்தான் சொன்னான். பிறகு தண்ணீர் கேட்டான். குடிகுழாயை வாயில் பிடித்தேன். மெலானி கோப்பியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கோப்பியை என்னிடம் தந்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

பனி உருகுவதற்கு முன்பே ரெஜான் போய்விட்டான். துவக்கை நானே வைத்திருக்கும்படி மெலானி கேட்டாள். பத்திரங்கள் எல்லாம் என் பெயருக்கு மாறின. அழுக்குக் கரைக்கும் திரவத்தையும் மணமில்லாத எண்ணெயையும் கொட்டிலிலிருந்து எடுத்துவந்தேன். திரவத்தைப் பாவிக்கும் நாளில் வசந்தி தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறாள். போகும்போது, “ரெஜான்ர வேலையை முடிச்சுப்போட்டு ஃபோன் எடுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த நவம்பரில் இவோன் ஃபோன் எடுத்தான். கறி இல்லாமல் வேட்டை இல்லை என்றான். போனேன். ரெஜானின் துவக்கையும் கொண்டுபோனேன். ரெஜானின் இடத்துக்குப் புதிதாய் ஒருவன் வந்திருந்தான்.

மேசையில் உட்கார்ந்ததும் இவோன் அந்தப் புதியவனுக்குக் கதை சொல்லத் தொடங்கினான். நாற்பது வருட வேட்டைக்காரன் அப்பாவின் துவக்குக்குச் சமையல் எண்ணெய் பூசிய கதை. அன்புடன்தான் சொன்னான். கதையின் நடுவில் அவன் குரல் இரண்டு முறை உடைந்தது. ஆனாலும் அதில் மடையன் ரெஜான்தான்.

அகப்பையைக் கீழே வைத்தேன். சொல்லவேண்டிய வசனத்தை வசந்திக்கு முன்னால் நின்று பிரெஞ்சில் ஒரு கிழமையாகப் பாடமாக்கியிருந்தேன். அவளுக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சு. மூன்று இடத்தில் திருத்தியிருந்தாள்.

“ரெஜான் பூசேல்லை,” என்றேன். “நான்தான் பூசினனான். ஒவ்வொரு சனிக்கிழமையும். என்னைக் காப்பாத்தத்தான் அவன் தன்ர பேரைச் சொன்னவன்.”

இவோன் என்னைப் பார்த்தான். சுவரில் சாத்தியிருந்த துவக்கைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. எழுந்து மேசையைச் சுற்றி வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். என் தலையை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, உச்சியில் மணந்து பார்த்தான்.

பிறகு சிரிக்கத் தொடங்கினான்.

துவக்கை இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறேன். மெல்லிசாகத் துடைக்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் எனக்கு மட்டும். ஒவ்வொரு நவம்பரும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, அடுப்படியில் சிவப்பு நாடா கட்டிய ஒரு தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எனக்காகக் காத்திருக்கும். உள்ளே எண்ணெய் வெள்ளைக் கட்டியாய் உறைந்திருக்கும். இவோன் அதைத் தூக்கிக் காட்டி, அந்த வருடம் யார் புதிதாய் வந்திருக்கிறார்களோ அவர்களுக்கு முதலிலிருந்து கதை சொல்வான்.

இது நாலாவது வருடம். ரெஜான் சொன்னது சரி. இன்னும் சிரிக்கிறார்கள்.